மார்ச் மாதத்துக்கு இரவல் வாங்கிய பெயர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். சூரிய உலர்த்திக்கு அரசு எவ்வளவு மானியம் தரும், வங்கி எவ்வளவு கடன் தரும், எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்று ஒரு கத்தைத் தாளும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாளில் 'பயனாளியின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பெயர் எழுதுவதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். நான் அந்தக் கட்டத்தில் ஒருமுறை, தெரிந்தே, வேறொருவர் பெயரை எழுதினேன். பதினோரு பெண்களின் பிழைப்பு அதில் போனது. கோபமாக எழுதுகிறான் கிழவன் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். எனக்குத்தான் வயதாகிவிட்டது, கோபம் அப்படியே இருக்கிறது.

நான் அதிகாரியாக இருந்தவன் இல்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் போகாமல் மதுராந்தகத்தில் ரயிலேறியவன். உப்பளத்தில் ஒரு வருடம், கல் குவாரியில் இரண்டு வருடம், லாரியில் கிளீனராக ஆந்திரா முழுக்க, பிறகு செங்கல்பட்டில் ஒரு கண்ணாடிக் கடை. எந்த வேலையிலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. சோறு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வெட்டவும், தண்ணீர் புகாமல் சட்டத்தில் உட்கார வைக்கவும் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் சூரிய உலர்த்தி செய்ய ஆள் தேடியது. உலர்த்தி என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒரு பெரிய பெட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே சாய்வாகக் கண்ணாடி, நடுவில் வலைத்தட்டுகள், காற்று போய்வர ஓட்டைகள். கண்ணாடி சரியாக உட்கார்ந்தால் வேலை செய்யும். அதற்காக என்னை எடுத்தார்கள். கையெழுத்து கொஞ்சம் திருத்தமாக இருந்ததால் படிவம் நிரப்பும் வேலையும் என் தலையில் வந்து சேர்ந்தது.

முதலில் ஒரு சின்ன சம்பவம். நான் சேர்ந்த வருடம் மாவட்டத்துக்கு இத்தனை மீன் உலர்த்தி என்று இலக்கு வந்தது. கடலோரக் குப்பங்களில் அதைப் போட முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் இலக்கை முடித்தாக வேண்டும். எனவே மதுராந்தகத்துக்கு மேற்கே, கடல் காற்றே படாத மூன்று ஊர்களில் மூன்று மீன் உலர்த்திகளை என் கையால் பொருத்தினேன்.

"சார், இங்க மீனுக்கு எங்க போறது?" என்று கேட்டேன்.

"ஏரி இருக்குல்ல?" என்றார் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அரசு அலுவலர்.

ஏரி இருந்தது. ஆனால் பிடித்த மீனை அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். யாரும் காய வைப்பதில்லை. ஒரு வீட்டில் மிளகாய் காய்ந்தது. ஒரு வீட்டில் கோழி அடைந்தது. மூன்றாவது வீட்டுப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டி எங்க வூட்டு ஜன்னலுக்குப் போட்டுத் தர்றியா?" என்று கேட்டார். மூன்றுக்கும் மானியம் வந்தது. மூன்றும் புகைப்படத்தில் அழகாக இருந்தன. இந்த மாதிரித் தொழில்களுக்கு அரசிடம் பணமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் இருந்தது. மீன் இருக்கும் இடத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை.

மீன் இருந்த இடம், மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே கருவாடு போடும் பெண்கள் பதினோரு பேர். மணலில் பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலியைக் கொட்டி, காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு முறை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் போட்டது புழுத்துப் போகும். அந்த இரண்டு மாதமும் பச்சை மீனை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உலர்த்தி இருந்தால் மழை விட்ட நேரத்து வெயிலே போதும். மழை திரும்பினாலும் மீன் நனையாது.

அந்தப் பெண்களில் முன்னால் நின்று பேசுகிறவர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். தினமும் புதுப்பட்டினம் சந்தையில் கருவாட்டுக் கூடை வைக்கிறவர். வாங்குபவர்களில் பாதிப் பேர் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிற வீட்டுப் பெண்கள். நான் மாதிரிப் பெட்டியின் படத்தைக் காட்டியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இன்னா கண்ணாடிக்காரே, இந்தப் பொட்டில போட்டா மண்ணு இருக்காதா?"

"இருக்காதுக்கா. மண்ணே படாது."

"டவுன்சிப்பு அம்மாங்க டெய்லி இன்னா சொல்றாங்க தெரிமா? கன்னியம்மா, உன் நெத்திலி நல்லாத்தான் கீது, வாயில போட்டா மண்ணுதான் கரகரங்குதுன்றாங்க. மண்ணு இல்லாத நெத்திலின்னா பேரமே பேச மாட்டாங்க. நீ பொட்டிய வை, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பிற்காலத்தில் நான் தடித் தடியான திட்ட அறிக்கைகளைப் பார்த்தேன். சந்தை வாய்ப்பு என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்துப் பக்கத்திலும் கன்னியம்மா சொன்னதைவிட அதிகமாக ஒன்றும் இருந்ததில்லை.

தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், மீன் இருந்தது, வாங்க ஆள் இருந்தது. மானியம் தருவதற்கு அரசும் தயாராக இருந்தது. தடை இடத்தில் வந்தது. அந்தக் குப்பத்தில் ஒவ்வொருத்தி காய வைக்கும் இடமும் ஊருக்கே தெரியும். மாமியார் காய வைத்த இடத்தில் மருமகள் காய வைப்பாள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஐந்து மாதம் கழித்து வந்தாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கும். இன்னொருத்தி அங்கே வலை விரித்தால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். இதைவிட உறுதியான உரிமையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆனால் அரசு ஏட்டில் அது கடற்கரைப் புறம்போக்கு. பட்டா இல்லாத இடத்துக்கு மானியமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. அதோடு, கடலுக்கு அருகில் கட்டடம் கூடாது என்று இன்னொரு விதி. எங்கள் பெட்டி நாலடி உயரம். காற்றில் ஆடாமல் இருக்க அடியில் நாலு வரிசை செங்கல். செங்கல் இருப்பதால் அது கட்டடமாம். கடற்கரையைக் காப்பாற்ற வந்த விதி, கடற்கரையில் விறகும் மின்சாரமும் இல்லாமல் வெயிலில் மீன் காய வைக்கும் பெட்டியைத் தடுத்தது.

இப்படியே மாசியும் முடியப் போனது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர் என்னைவிட இளையவர், கெட்டவர் இல்லை. செங்கல்பட்டில் அவருடைய மேசைக்கு முன்னால் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"அந்த ஊர்ல ஒருத்தருக்குமா பட்டா இல்ல?"

"ஒருத்தருக்கு இருக்கு சார். ஊரை ஒட்டி, கொஞ்சம் உள்ள தள்ளி சவுக்குத் தோப்பு வெச்சிருக்கார்."

"அப்புறம் என்ன? அவர் பேர்ல அப்ளிகேஷன் போடுங்க. பெட்டிய தோப்புல வைங்க. யூஸ் பண்ணப் போறது அந்த லேடீஸ்தானே?"

"அவங்க குழு பேரையும் சேர்த்துக்கலாமா சார்?"

"குழுவைப் பதிவு பண்ண மூணு மாசம் ஆகும். நம்ம கையில இருக்கிறது மூணு வாரம். மார்ச் முப்பத்தொண்ணு தாண்டினா பணம் திரும்பிப் போயிடும். அடுத்த வருஷம் பேரை மாத்திக்கலாம்."

அடுத்த வருஷம் மாத்திக்கலாம். இந்த வேலையில் உங்கள் காதில் விழப் போகிற வாக்கியங்களிலேயே மோசமானது இதுதான். சொல்பவர் நல்லவராக இருப்பார், அவசரமும் உண்மையாக இருக்கும். அதனால்தான் அது உங்களை ஏமாற்றும்.

தோப்புக்காரர் பெயர் தேசிங்கு. இரண்டு படகு வைத்திருந்தார். தாராள மனசுக்காரர். கன்னியம்மா என் முன்னால்தான் அவரிடம் கேட்டார்.

"அண்ணாத்த, உன் பேரக் கொஞ்சம் இரவல் குடு. மார்ச்சு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறோம்."

"பேரு இன்னா குடமா, இரவல் குடுத்து வாங்கறதுக்கு?" என்று தேசிங்கு சிரித்தார். "எய்திக்கங்க. எனக்கு மாசம் ஒரு படி நெத்திலி வூட்டுக்கு வந்துடணும், அவ்ளோதான்."

"ஒரு படியா? உன் பேரு அவ்ளோ பெறுமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்துக்கொண்டே பயனாளியின் பெயர் என்ற கட்டத்தில் 'தேசிங்கு' என்று எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

பெட்டி முடிந்த அன்று புகைப்படம் எடுக்க ஆள் வந்தார். பதினோரு பேரும் தலை வாரி, பூ வைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். "லேடீஸ் எல்லாம் கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, இது தனிநபர் பயனாளி," என்றார் அவர். ஒதுங்கினார்கள். தேசிங்கு மட்டும் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கண்ணாடிமேல் கைரேகை படுகிறதே என்று அதைத் துடைப்பதில்தான் என் கவனம் இருந்தது.

அடுத்த இரண்டரை வருடம் அந்தப் பெட்டி வேலை செய்ததைப் போல நான் கட்டிய வேறெதுவும் வேலை செய்ததில்லை. மண்ணில்லாத நெத்திலியைக் கல்பாக்கத்துப் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கினார்கள். மழைக்காலத்திலும் கூடை புதுப்பட்டினம் போனது. வங்கித் தவணையைப் பெண்கள்தான் சேர்த்துத் தேசிங்கு கையில் கொடுத்தார்கள், அவர் ஒரு மாதமும் தவறாமல் கட்டினார். ரசீது எல்லாம் தேசிங்கு பெயரில்.

பெயரை மாற்ற நான் ஒரே ஒரு முறை போனேன். பழைய அலுவலர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், அப்படி மாற்றத் திட்டத்தில் இடமில்லை என்றார். இரண்டாவது முறை நான் போகவில்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். பெட்டி நன்றாக ஓடுகிறது, வேறு ஊர்களில் வேலை கிடக்கிறது, அடுத்த மார்ச்சும் வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையை நன்றாகப் போட்டார்கள். சென்னையிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. சவுக்குத் தோப்புகள் எல்லாம் திடீரென்று கடலைப் பார்த்த மனைகள் ஆயின. தேசிங்கு தோப்பை ஒரு விடுதிக்காரருக்கு விற்றார். விற்றது அவர் நிலம், அதில் தப்பில்லை. பத்திரம் எழுதியவர் வழக்கப்படி 'நிலமும் அதிலுள்ள மரம், கட்டடம், தளவாடங்கள் யாவும்' என்று எழுதியிருக்கிறார். ஒரு காலை மீன் கூடையோடு போன பெண்களை முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு காவல்காரர் நிறுத்தினார். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தேசிங்கு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா நான் அத்த நெனச்சே பாக்கல கன்னியம்மா. எய்தினவன் எல்லாத்தியும் சேத்து எய்திட்டான்."

"உன் வூட்டு ஆட்டுக்கல்ல வித்தியா? உன் படக வித்தியா? எங்க பொட்டி மட்டும் எப்டி அண்ணாத்த உனுக்கு மறந்து போச்சி?"

அவர் விடுதிக்காரரிடம் போய்க் கேட்டார். பத்திரத்தைக் காட்டினார்கள். அதற்கு மேல் பேச அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு இரத்தம் கொதித்தது இதற்குப் பிறகுதான். சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் என்று அப்போது ஒரு திட்டம் வந்திருந்தது. விடுதி கட்ட அவர்கள் அதற்கு விண்ணப்பித்தார்கள். எங்கள் வளாகத்தில் ஏற்கனவே சூரிய சக்தி இயங்குகிறது, உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சூரிய சக்தி என்று அவர்கள் சொன்னது எங்கள் பெட்டி.

எங்கள் நிறுவனத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பார்வையிட ஒரு குழு வருது. பெட்டி வேலை செய்யுதுன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். இது நல்லபடியா முடிஞ்சா, அடுத்த வருஷம் நமக்கு இருபது உலர்த்தி வேலை வரும். இருபது குப்பத்துக்கு. கெடுத்துடாதே. அப்புறம் ஒண்ணு, அந்தப் பெண்களையும் கூட்டிட்டு வா. பெட்டி காலியா இருந்தா நல்லா இருக்காது."

நீங்களாக இருந்தால் அந்த இடத்திலேயே முடியாது என்றிருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள். நானும் பலமுறை அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் போனேன். குழுவில் இருப்பவர்கள் நேரில் பார்த்தால் பெண்களைத் திரும்ப உள்ளே விடச் சொல்வார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையே கன்னியம்மாவிடமும் சொன்னேன்.

"சேல வேற குடுக்கறாங்களாமே?" என்றார்.

"ஆமாக்கா. எல்லாருக்கும் ஒரே கலர். பச்சை."

"கருவாடு போடறதுக்கு புதுப்பொடவ கட்டிகினு போற ஊரு எதுனா கீதா?" பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். "சரி, வர்றோம். எங்க பொட்டிய ஒருவாட்டி தொட்டுட்டாவது வருவோம்."

காலை பத்து மணிக்குக் குழு வந்தது. வங்கியிலிருந்து ஒரு அம்மாள், துறையிலிருந்து ஒருவர், பணம் போட விரும்பும் ஒரு சென்னைக்காரர். பெண்கள் அவர்களுக்கு முன்பே வந்து, தட்டுகளில் நெத்திலியைப் பரப்பி, பச்சைச் சேலையில் வரிசையாக நின்றிருந்தார்கள். விடுதி மேலாளர் கையை நீட்டி நீட்டி விளக்கினார். சென்னைக்காரர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். வங்கி அம்மாள் மட்டும் மேலாளரை விட்டுவிட்டுக் கன்னியம்மாவிடம் போனார்.

"எத்தனை நாளா இங்க வேலை செய்றீங்கம்மா?"

"வேல செய்யலம்மா. இது எங்க பொட்டி."

மேலாளர் சிரித்தார். "சொந்தம் மாதிரி நினைச்சுப் பழகிட்டாங்க மேடம்."

"மாதிரின்னா இன்னா மாதிரி?" கன்னியம்மாவின் குரல் உயர்ந்தது. "பேங்குக்குக் கட்னது நாங்க. மழையில கோணி போட்டு மூடினது நாங்க. வோணும்னா தோ நிக்கறாரே கண்ணாடிக்காரு, அவரக் கேளுங்க. அவருதான் பொட்டி கட்டினவரு, பேரு எய்தினவரு, எல்லாம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் தலைவர் எனக்கு நேர் எதிரே நின்றிருந்தார். அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். அவருக்குப் பதில் உண்மையிலேயே வேண்டியிருந்தது, அது எனக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க, இது யாரோடது?"

பெண்களுடையது என்று சொன்னால், நான் நிரப்பிய படிவம் பொய். அதில் சாட்சி போட்டவனும் நான். நிறுவனத்தின் பெயர் போகும், இருபது குப்பத்து உலர்த்தி போகும், என் வேலை போகும். இதையெல்லாம் நினைக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. பதினோரு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காகிதப்படி, தேசிங்குங்கறவரோடது மேடம். அவர் வித்துட்டார்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த அம்மாள் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

கன்னியம்மா நேராகப் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்தார். முதல் தட்டை வெளியே இழுத்து நெத்திலியைக் கூடையில் கவிழ்த்தார். மற்றவர்களும் வந்து ஆளுக்கொரு தட்டை இழுத்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க? இன்னும் போட்டோ எடுக்கல," என்று மேலாளர் ஓடிவந்தார்.

"மீனு எங்களுது. இதுக்கும் பேப்பர் வோணுமா?"

மேலாளர் வழியை விட்டு விலகினார். கூடைகளைத் தூக்கிக்கொண்டு பதினோரு பேரும் வாசலுக்கு நடந்தார்கள். கன்னியம்மா ஒருமுறைதான் திரும்பினார். "சேலைய தொவச்சி அனுப்பிடறோம். அது உங்க பேர்ல கீது."

கடன் கிடைத்தது. அதில் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது. அடுத்த மழைக்காலத்துக்குள் விடுதி எழும்பியது. சாலையோரம் இயற்கையை நேசிக்கும் விடுதி என்ற பொருளில் பச்சைப் பலகை வைத்தார்கள். எங்கள் பெட்டியில் நீச்சல் குளத்துத் துண்டுகள் காய்ந்தன. மதில் சுவரைக் கடல் பக்கம் தள்ளிக் கட்டினார்கள். எங்கள் செங்கல் பீடத்துக்கு அனுமதி மறுத்த இடத்தையும் தாண்டிக் கடலோரத்துக்குப் போயிற்று அந்தச் சுவர். அதை எந்த அலுவலகமும் கட்டடம் என்று சொல்லவில்லை. நாலு வரிசை செங்கலுக்கு விதிப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் ஜீப்பில் போனார்கள்.

அன்று அவர்கள் வாசலைத் தாண்டிப் போன மறுநாளே நான் குப்பத்துக்குப் போனேன். மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மா காக்கை விரட்டும் கழியோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் பொய் சொல்லலக்கா," என்றேன். எதற்கு அப்படி ஆரம்பித்தேனோ தெரியவில்லை.

"அதனாலதான் வயிறு எரியுது. பொய் சொல்லி இருந்தா நாலு திட்டு திட்டிட்டு மறந்து இருப்பேன்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"என்னக் கேட்டா? எய்தத் தெரிஞ்சவன் நீ."

அடுத்த திங்கட்கிழமை செங்கல்பட்டில் மனு வாங்கும் வரிசையில் நின்றேன். விண்ணப்பத்தில் எழுதியது பொய், எழுதியவன் நான், உலர்த்தி இந்தப் பதினோரு பேருடையது என்று எழுதி, பதினோரு பெயரையும் கணவர் பெயரோடு வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைக் குடுத்தா உன் மேலதான் நடவடிக்கை வரும். தெரியுதா?"

"தெரியுது சார்."

"பட்டா நகல் இணைச்சிருக்கியா?"

"பட்டா இல்லாததாலதான் சார் இந்த மனுவே."

"பட்டா நகல் இல்லாம நம்பர் போட முடியாதுப்பா."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். பட்டினி எனக்குப் புதிதில்லை. அவருக்குத்தான் பசித்தது. மனுவுக்கு நம்பர் போட்டு ரசீதை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனார்.

பதினைந்து நாளில் என் வேலை போனது. காரணம் என்று எழுதியிருந்தது, திட்ட நிதியைத் தவறாகப் பயன்படுத்தத் துணை போனது. அது உண்மைதான். அதற்குப் பிறகு வேறு நிறுவனங்களில் பல வருடம் உலர்த்தி கட்டினேன். வேலை போவது எனக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. மனுவுக்குப் பதில் மாதக்கணக்கில் கழித்து வந்தது. மேற்படி பெண்கள் பயனாளிகள் பட்டியலில் இல்லாததால் மனு முடித்து வைக்கப்பட்டது என்று இரண்டு வரி.

அந்த மார்ச் மாதத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பணத்தைத் திரும்பிப் போக விட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் அலைந்து குழுவைப் பதிவு செய்து, பெட்டி வைக்கும் இடத்தைத் தேசிங்கிடம் குத்தகையாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். இலக்கு முடியவில்லை என்று தலைவர் திட்டியிருப்பார், அலுவலர் முகம் சுளித்திருப்பார், ஒரு மழைக்காலம் வீணாகியிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். உங்களுக்கும் அப்படி ஒரு மார்ச் வரும். பணம் திரும்பிப் போகிறதே என்று எல்லோரும் உங்களை நெருக்குவார்கள். போகட்டும் என்று சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும்.

அந்த இரண்டு வரிப் பதிலைப் படித்துக்காட்டக் குப்பத்துக்குப் போனபோது, மனுவின் நகலையும் கொண்டுபோனேன். பதிலைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. நகலைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயர் எங்கே என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். கடைசியில் கன்னியம்மா கைக்கு வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி பேரையும் எய்த எவ்ளோ நேரம் ஆச்சி?"

"கால் மணி நேரம் இருக்கும்க்கா."

"கால் மணி நேரமா?" என்றார். என் முகத்தையே பார்த்தார். "அப்பவே எய்தறதுக்கு இன்னாடா கேடு உனக்கு?"